ஆறு சிலிண்டர் கார்: மைலேஜை நீங்களே அளந்து பாருங்கள்

நிஸான் 370இஸட் போன்ற 3.7 லிட்டர் வி6 ஸ்போர்ட்ஸ் காருக்கு அமெரிக்க அரசின் கணக்கு: நகரில் கேலனுக்குச் சுமார் 18 மைல், நெடுஞ்சாலையில் 26. அதாவது லிட்டருக்குச் சுமார் 7.7, 11 கி.மீ. உங்கள் காருக்கு எவ்வளவு? டேஷ்போர்டு காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். பம்ப் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய மைலை அன்று பிடித்த கேலனால் வகுங்கள். ஒரு டேங்க் போதாது. நாலைந்து டேங்கின் சராசரியைத்தான் நம்பலாம்.

இன்ஜின் சூடாகுமுன் முடிந்துவிடும் குட்டிப் பயணங்களும், சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாய்வதும்தான் பெட்ரோலைக் குடிக்கும். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் சீராகப் போனால் இதே கார் சாதுதான். டயர் காற்றை வண்டி எடுக்குமுன்பே பாருங்கள். பிரீமியம் கேட்கும் இன்ஜினுக்குச் சாதா பெட்ரோல் ஊற்றி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பவர் குறையும், மைலேஜும் குறையலாம்.