சைக்கிளில் தொடங்குங்கள்!

கேள்வி: பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 'தொழில்நுட்பமும் இளைஞர்களும்' பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன பேசலாம்?
– வாசகர், ஆலங்குடி

பதில்: "செல்போன் கெட்டது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்டுச் சலித்திருப்பார்கள். சைக்கிளும் ஒரு தொழில்நுட்பம்தானே, அதில் தொடங்குங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்ட வைத்தது. கேலி பேசியவர்களும் உண்டு. "உங்க பாட்டி ஓட்டினாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே கலகலக்கும். அப்புறம் செல்போனுக்கு வாருங்கள். கரும்பலகையில் 1930 என்று பெரிதாக எழுதுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. கேள்விகளைப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் வாங்குங்கள். எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுவதெல்லாம் அதில் வரும். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்!