அடைமழையும் அடங்காத அரிப்பும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைப் பட்டினப்பாக்கத்தில் துணி காய்வதில்லை. ஹவுசிங் போர்டு மாடிக்கொடியில் இரண்டு நாளாகத் தொங்கும் பாவாடையைத் தொட்டால் இன்னும் பிசுபிசுக்கும். உப்புக்காற்றின் ஈரம் அப்படி. லூப் ரோட்டில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் விற்கும் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே உலர்ந்த துணி கிடைப்பதே அரிது. மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி அரிப்புக்குக் களிம்பு கேட்கும் காலமும் இதுதான்.

முதல் வேலை, வியாபாரத்துக்குப் போகும்போது ஒரு மாற்றுடை எடுத்துச் செல்வது. நனைந்ததை உடனே மாற்ற வேண்டும். வெயில் இல்லாத நாளில் உள்ளாடையை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தலாம். பருத்தியே நல்லது.

ஆனால் அரிப்புக்குக் காரணமான பூஞ்சையை ஈரம் கொண்டுவருவதில்லை, ஏற்கெனவே இருப்பதற்கு வசதி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். கேண்டிடா என்னும் இந்தப் பூஞ்சை குடலிலும் பிறப்புறுப்பிலும் தொந்தரவில்லாமல் குடியிருக்கும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொல்லை தருகிறது. இது பொதுக் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. கணவர் எங்கோ போய் வந்ததற்குச் சாட்சியும் அல்ல. அந்தச் சந்தேகத்தில் வீட்டில் சண்டை மூளுவதுதான் மிச்சம்.

ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தால் கதை வேறு. அப்போது களிம்பை விட்டுவிட்டு இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பு பூஞ்சைக்கு விருந்து. தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு சோதித்துப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன, அதுவும் பூஞ்சைக்கு விருந்துதான். 2020-ல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் அது பலர் கைக்கும் வந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆகவே தானாக நிறுத்தக் கூடாது. அரிப்பு இருப்பதை மட்டும் டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சலுக்குப் போன வருடம் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை விழுங்கும் பழக்கமும் ஒரு காரணம். அது பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

கடைக்காரர் நீட்டும் டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பிறகு சேர்த்து வைத்துக்கொண்டு வரும். இன்னொரு சிக்கல்: வெள்ளைப்படுதல் எல்லாம் பூஞ்சை அல்ல. தயிர்த் திப்பி போல் வாடையின்றி அரிப்போடு வந்தால் பெரும்பாலும் கேண்டிடா. மீன் வாடையோ, பச்சை நிறமோ, நுரையோ இருந்தால் வேறு தொற்று, வேறு மருந்து. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கசிவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே சரி. கேண்டிடா கிளாப்ராட்டா என்ற வகை வழக்கமான ஃபுளூகோனசோலுக்கு எளிதில் மசியாது.

ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சாதாரணத் தொற்றுக்குப் போதும். மீண்டும் மீண்டும் வந்தால் முதல், நான்காம், ஏழாம் நாட்களில் ஒவ்வொன்று, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் என்று டாக்டர் எழுதித் தரலாம். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தாங்களாக வாங்கிப் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தாமாக எடுக்கவே கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து உண்டு.

“உடல் சூடு” என்று மோர் குடிப்பதில் கெடுதல் இல்லை. டெட்டாலும் வாசனைத் திரவமும் ஊற்றி உள்ளே கழுவுவதுதான் தப்பு. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிய பெண்களுக்காகவே 1885-ல் தொடங்கப்பட்டது கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை. திருவல்லிக்கேணியில்தான் இருக்கிறது, கடற்கரைச் சாலையோடு போனால் தூரமில்லை. போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள், களிம்பு எதுவும் தடவாமல் போங்கள். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.