பிள்ளையை ஒப்படைக்கும் நேரம்

கணவனின் அடிக்கு அஞ்சித் தாய்வீடு சேர்ந்த பெண்ணுக்கு, பிரிந்து வந்ததோடு அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. குழந்தையைத் தந்தைக்குக் காட்டும் நாளில் இருவரும் மீண்டும் ஒரே வாசலில் எதிரெதிரே நிற்கின்றனர். பழைய சண்டை அங்கே மூளுகிறது; நடுவில் நின்று நடுங்குவது குழந்தையே. ஊர்தோறும் செல்லும் நாம் இதனை நன்கு அறிவோம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதற்கு வழி வகுக்கிறது. மாஜிஸ்திரேட்டு குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடலாம். தேவையாயின், தந்தை வந்து பார்க்கும் முறையையும் குறிப்பிடலாம். அச்சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் எனக் கருதினால், அதனை மறுத்தேயாக வேண்டும்.

சந்திப்புக்கு அனுமதி உண்டாயின், ஒப்படைக்கும் முறை எவ்வாறு அமைதல் நலம்? வீட்டு வாசல் வேண்டா. பலர் நடமாடும் பொது இடமே தக்கது. தாய் முதலில் வந்து, இருவரும் நம்பும் ஒருவரிடம் குழந்தையை விட்டுச் செல்லட்டும். கால் மணி நேரம் கழித்துத் தந்தை வரட்டும். மாலையில் அவர் விட்டுச் சென்ற பின்னரே தாய் வரவேண்டும். குழந்தை வழியே சேதி அனுப்புதலும், தாயைப் பற்றி அதனிடம் துருவிக் கேட்டலும் கூடா.

ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. அந்நாளையே சமரச நாளாக்கி, இருவரையும் ஒரே திண்ணையில் அமர்த்த முயல்வதுண்டு. எண்ணம் நல்லதே, ஆயினும் அஞ்சியவளை அடித்தவன்முன் நிறுத்துவது சமரசமாகாது.

மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். அவசரத்திற்குப் பெண்கள் 181 என்ற எண்ணையும், குழந்தைகள் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். தாய் அச்சமின்றி வீடு திரும்ப வழிசெய்வது நம் அனைவரின் கடமையாகும்.