போஷாக்குப் பாடம்: சேர்த்து வைத்த பயறு, பருப்பை ருசியாக ஆக்குவது எப்படி?



2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கோதுமை மா விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பண்டங்களின் விலை முந்தைய ஆண்டின் அதே மாதத்தை விட 94.9 சதவீதம் கூடியிருந்தது. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. கடைக்குப் போகக் கூட வழி இல்லாமல் போயிற்று.

இந்த இரண்டு அனுபவத்துக்குப் பிறகு, சம்பளம் எடுத்ததும் ஒரு கிலோ கடலை, ஒரு கிலோ கௌபி, கொஞ்சம் பருப்பு என்று வாங்கி வைக்கும் வழக்கம் பல லயங்களில் வந்திருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் வாங்கி வைத்தது சட்டிக்கு வருகிறதா? "அவிக்கிறதுக்கு வெறகு காணாதுங்க. எவ்வளவு நேரம் அவிச்சாலும் கல்லு மாதிரி கெடக்கு. புள்ளைங்களும் திங்க மாட்டேங்குது" என்பார்கள். கடைசியில் அது வண்டு விழுந்து கோழிக்குப் போகிறது. பிள்ளைகள் வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்தப் பாடம் அதற்காகத்தான். பயறு கல்லுப் போல இருப்பதும் ருசியில்லாமல் போவதும் பயறின் குற்றமல்ல. வைக்கும் முறையிலும் அவிக்கும் முறையிலும் நாம் விடும் சில பிழைகள்தான் காரணம்.

பயறு எதற்கு?

உலர்ந்த பயறு, பருப்பு வகைகள் 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. அதே 100 கிராம் வெள்ளை அரிசியில் 7 கிராம் அளவுதான். புரதம் உடம்பைக் கட்டும் சத்து. அரிசியிலும் கோதுமையிலும் இருக்கும் புரதத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் குறையைப் பயறு நிரப்பும். பயறில் இருக்கும் குறையை அரிசியும் கோதுமையும் நிரப்பும். ஆகவே சோறும் பருப்பும், ரொட்டியும் கடலையும் நல்ல ஜோடி. இறைச்சி, மீன், முட்டை வாங்க முடியாத நாளில் இந்த ஜோடி பெரிய உதவி.

பயறில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் இருக்கின்றன. இரண்டும் இரத்தம் ஊறத் தேவை. பிள்ளை வயிற்றில் இருக்கும் தாய்க்கும், வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கும் இவை மிகவும் முக்கியம். குரக்கனில் கல்சியம் அதிகம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

வைக்கும் முறை

நம் பக்கம் பனியும் மழையும் ஈரமும் அதிகம். ஈரம் பட்ட பயறில் வண்டும் பூஞ்சணமும் வரும். நாள்பட்டால் பயறு இறுகி, பிறகு எவ்வளவு அவித்தாலும் வேகாது.

1. வாங்கி வந்ததும் கல், தூசி பொறுக்கி, நல்ல வெயிலில் பாயில் காய விடுங்கள். சூடு ஆறிய பிறகே போத்தலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும்.

2. இறுக்கமான மூடியுள்ள போத்தல் அல்லது தகர டின் நல்லது. சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

3. உரம் வந்த பை, மருந்து வந்த கேன் எதிலும் சாப்பாட்டுச் சாமான் போடக் கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் கூடாது.

4. வாங்கிய மாதத்தை ஒரு கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். பழையதை முதலில் எடுங்கள். முழுப் பயறை ஒரு வருடத்துக்குள்ளும் உடைத்த பருப்பை ஆறு மாதத்துக்குள்ளும் முடிப்பது நல்லது. குரக்கனைத் தானியமாக வைத்து, வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.

5. வண்டு கொஞ்சம் விழுந்திருந்தால் புடைத்து, வெயிலில் போட்டு, சீக்கிரம் சமைத்துவிடலாம். பூஞ்சணம் பிடித்து நாற்றம் வந்தால் கழுவி அவிக்க வேண்டாம். கொட்டிவிடுங்கள்.

மலையில் ஏன் வேகத் தாமதம்?

"கொழும்புல வேல செய்யிற எங்க அக்கா வீட்டுல கடல சீக்கிரம் அவிஞ்சிருது, இங்க ஏன் அவியல?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே ஏற ஏற, சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் அது குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 பாகை அளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் சூடு குறைவு. அதனால்தான் அவிய நேரம் எடுக்கிறது. பிரஷர் குக்கர் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. இல்லாதவர்கள் ஊற வைப்பதை ஒருநாளும் விடக் கூடாது.

கடலை, கௌபி, கொள்ளு, முழுப் பயறு எல்லாவற்றையும் இரவு படுக்கும் முன் மூன்று மடங்கு தண்ணீரில் போடுங்கள். குளிர் காலத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நல்லது. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் இளகும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். மைசூர் பருப்புக்கு ஊறல் தேவையில்லை.

புளி, தேசிக்காய், தக்காளி மூன்றையும் பயறு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் பயறு இறுகிவிடும். "கல்லு மாதிரி கெடக்கு" என்பதற்குப் பல வீட்டில் இதுதான் காரணம். மிகப் பழைய பயறு என்றால் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடலாம். அதற்கு மேல் வேண்டாம். சோடா கூடினால் விற்றமின் அழியும், ருசியும் கெடும்.

ஒரு எச்சரிக்கை: தோட்டத்தில் முற்றிய போஞ்சி விதை, கடையில் விற்கும் பெரிய சிவப்பு போஞ்சி விதை ஆகியவற்றைச் சரியாக அவிக்காமல் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு, பிறகு மெதுவாக வேக வையுங்கள்.

விறகை மிச்சம் பிடிக்கும் வழி

காலையில் ஊறலைக் கழுவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு மலைக்குப் போங்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து வந்ததும், அதை மூடியுள்ள பானையில் போட்டு இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் இறக்கி, சுத்தமான சாக்கிலும் பழைய கம்பளியிலும் இறுக்கிச் சுற்றி ஒரு பெட்டிக்குள் வையுங்கள். அடுப்பு இப்போது சும்மா இருக்கிறது. பிள்ளைகளுக்குக் குளிக்கத் தண்ணீர் வைக்கலாம், சோறாக்கலாம். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்து பாருங்கள். பானைக்குள் இருந்த சூட்டிலேயே பயறு பாதிக்கு மேல் வெந்திருக்கும். மறுபடி அடுப்பில் ஏற்றி, கொதிக்க வைத்து, மெதுவாகும் வரை அவித்து முடியுங்கள். இரவு முழுவதும் சுற்றியே வைத்துவிட வேண்டாம். சூடு ஆறினால் சாப்பாடு பழுதாகும்.

நாலு சமையல் (ஐந்து பேருக்கு)

பருப்பு ரொட்டி: அரைக் கோப்பை மைசூர் பருப்பை ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் குழைய அவித்து ஆற விடுங்கள். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை குரக்கன் மா, அரைக் கோப்பை தேங்காய்ப் பூ, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் அந்தப் பருப்போடு சேர்த்துப் பிசையுங்கள். வேண்டுமானால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். தட்டி, சின்ன நெருப்பில் இரண்டு பக்கமும் சுடுங்கள். பருப்புச் சேர்ந்த ரொட்டி மத்தியானம் வரை மெதுவாக இருக்கும். மலைக்குக் கட்டிக்கொண்டு போக ஏற்றது.

கௌபி சுண்டல்: 250 கிராம் கௌபியை ஊற வைத்து, உப்புச் சேர்த்துக் குழையாமல் அவித்து வடியுங்கள். கொஞ்ச எண்ணெயில் கடுகு, நசுக்கிய பூண்டு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கௌபியைப் போட்டுப் பிரட்டித் தேங்காய்ப் பூ தூவுங்கள். இறக்கிய பிறகு பாதித் தேசிக்காய் பிழியுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்டாமல் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். குளிருக்கு இதமாக இருக்கும். கொள்ளையும் இப்படியே செய்யலாம்.

வறுத்த தேங்காய்க் கடலைக் கறி: 250 கிராம் கடலையை ஊற வைத்து அவியுங்கள். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப் பூ, இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி, ஐந்தாறு செத்தல், ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து அம்மியில் அரையுங்கள். வெங்காயம் வதக்கி, அரைத்ததையும் கடலையையும் இரண்டு உருளைக்கிழங்கையும் மஞ்சளோடு போட்டுக் கொதிக்க விடுங்கள். கிழங்கு வெந்த பிறகு தக்காளி சேருங்கள். ஒரு கை கடலையை மசித்துவிட்டால் குழம்பு கெட்டியாகும். "எறச்சிக் கறி வாசம் வருதே!" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

பயறுக் கஞ்சி: அரைக் கோப்பை பாசிப்பயறை வாசம் வரும் வரை வறுத்து, ஒரு கோப்பை அரிசியோடு கழுவி, எட்டுக் கோப்பை தண்ணீரில் குழைய அவியுங்கள். பொடியாக வெட்டிய கீரையும் ஒரு கோப்பை தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்கள். பெரியவர்களுக்கு உப்பும் இஞ்சியும் போதும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு உப்பு, உறைப்புப் போடும் முன் எடுத்து, தோல் இல்லாமல் நன்றாக மசித்துக் கொடுக்கலாம்.

ஒரே பயறை ஒரே மாதிரி தினமும் வைத்தால் யாருக்கும் சலிக்கும். இன்று சுண்டல், நாளை கஞ்சி, மறுநாள் ரொட்டி என்று மாற்றுங்கள்.

தேத்தண்ணி விஷயம்

இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நம் கையால் பறிக்கும் கொழுந்துதான் நம் சோறு. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுக்க முடியாது. தேயிலையில் உள்ள துவர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கஷ்டப்பட்டு ஊற வைத்து, அவித்து, பிள்ளைக்குக் கொடுத்த கடலையின் பலன் பாதியில் போய்விடும்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சாப்பிடும்போது சுடுதண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ச் சாறு, கொய்யாப்பழம், நெல்லிக்காய் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக ஏறும். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். படியேறும்போது மூச்சு வாங்கினால், கண் உள்பக்கம் வெளுத்திருந்தால், எப்போதும் களைப்பாக இருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்காமல் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள்.

நினைவில் வைக்க

* காய வைத்து, ஆற வைத்து, இறுக்கி மூடு.
* இரவு ஊற வை. அந்தத் தண்ணீரைக் கொட்டு.
* வெந்த பிறகே புளிப்பு.
* சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்: வீட்டில் இருக்கும் பயறு, பருப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எது பழையது என்று பாருங்கள். அதில் ஒரு கோப்பையை இன்றிரவே ஊறப் போடுங்கள். ஊறப் போடும் வேலையைப் பிள்ளைகளிடமும் வீட்டு ஆண்களிடமும் கொடுக்கலாம். மலையில் கொழுந்து எடுத்துக் களைத்து வரும் தாய் ஒருத்திதான் அதையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை.