போகிறவர் இன்னும் போகவில்லை

இழவு வீட்டுக்கு ஊரே திரண்டு வரும். அதற்கு முந்தின நாட்களில் அந்தத் திண்ணையில் ஆள் இருக்காது. டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று அழைத்து வந்திருப்பார்கள். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்ரீமுஷ்ணம் சுற்றுப்பட்டில் சாகக் கிடப்பவருக்குத் துணையிருக்கும் இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அந்த நாட்கள்தான் உங்களுடையவை. மேல்நாட்டில் இதற்கு ‘டெத் டூலா’ என்று பெயர் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

1. வீட்டுக்குள் போனதும் நேராகக் கட்டிலருகே போங்கள். மகனிடமோ மருமகளிடமோ விசாரிப்பது அப்புறம். “ஐயா, நான் இன்னார். கொஞ்ச நேரம் உங்களோட இருக்கட்டுமா?” என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் திண்ணைக்கு வந்துவிடுங்கள். படுத்துவிட்டவரைச் சுற்றி, “அப்பாவுக்கு மீன் குழம்புன்னா அப்படி ஒரு உசிரு, என்னமா சாப்பிடுவாரு” என்று முடிந்துபோனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். அவர் கேட்டுக்கொண்டு கிடப்பார். முந்திரிக்காடு வைத்திருந்த ஒரு பெரியவர், வயிற்றில் புற்று, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். நான் போனதும் அவர் கேட்டது, விருத்தாசலம் கமிட்டியில் இன்றைக்கு மல்லாட்டை மூட்டை என்ன விலை என்பதுதான். “இப்ப அது எதுக்குப்பா?” என்று மகன் அடக்கினார். போன் போட்டு விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன். விலையைக் கேட்டதும், “போன வருசத்துக்குத் தேவலை” என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க வாங்க வெகுநேரம் விவசாயம் பேசினார். அவர் இன்னும் போகவில்லை, அந்த வீட்டின் பெரியவர் அவர்தான். கீழே நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

2. விருத்தாசலத்தில் உயிர் விடுகிறவரை அம்பாள் மடியில் கிடத்தி முந்தானையால் விசிற, ஈசன் காதில் மந்திரம் சொல்வார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. விருத்தகாசி என்ற பெயர் சும்மா வரவில்லை. விசிறுவதும் காதோடு சொல்வதும்தான் நம் வேலையிலும் பாதி. கனடாவின் வான்கூவர் நகரத்தில், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில், கடைசி நேரத்தில் நினைவு தப்பிக் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அந்த நிலையிலும் சிலருடைய மூளை ஒலிக்கு மறுமொழி கொடுத்திருக்கிறது. ஆகவே வாசற்படியில் நின்று, “ராத்திரி தாண்டாது” என்று சொல்லாதீர்கள், யாரையும் சொல்லவும் விடாதீர்கள். திருவாசகமோ கலிமாவோ ஜெபமோ, அந்த வீட்டுக்கு உரியது அவர் காதில் விழட்டும். பேத்தி பரீட்சையில் வாங்கின மார்க்கும் விழட்டும்.

3. வலியோடு போவது தலையெழுத்து என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான். கேரளத்தில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண கிளினிக் தொடங்கினார்கள். அங்கே அக்கம்பக்கத்து ஜனங்களே முறை வைத்து வீடு வீடாகப் போகும் அளவுக்கு அது வளர்ந்தது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பினுக்கு இருந்த சட்டக் கெடுபிடி 2014-இல் தளர்ந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

மார்பின் மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், வலியில் துடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. “பழகிடும்”, “கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க” என்று வீட்டார் மாத்திரையை ஒளித்து வைப்பார்கள். வலிக்குத் தக்க அளவில் டாக்டர் பார்வையில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை இல்லை.

4. இழுத்துக்கொண்டு கிடந்தால் பால் ஊற்ற வருவார்கள். மண்ணாசை என்று வயல் மண்ணைக் கரைத்தும், காசாசை என்று காசை உரைத்தும் ஊற்றுவதுண்டு. விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும், அவர் திணறித்தான் போவார். இதற்காகச் சண்டை போடாதீர்கள், அவர்களும் பாசத்தில்தான் செய்கிறார்கள். சுத்தமான துணியைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொருவராக உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள். வயல் மண்ணை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுங்கள். முறையும் நடந்துவிடும், அவருக்கும் தொந்தரவில்லை. வாய் உலர்ந்தால் இதேபோல் தண்ணீரால் துடைத்து, உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

5. மூச்சு நிற்கும், நின்று திரும்ப வரும். தொண்டையில் கோழை கறகறக்கும். பாதம் சில்லிட்டுத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். தெரியாதவர்கள் பயந்துபோய் நடுராத்திரியில் வேன் பிடிப்பார்கள், வழியிலேயே உயிர் போய்விடும். கறகறப்பு கேட்கிறவர்களுக்குத்தான் கொடூரம், பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குறையும்.

6. நினைவு மங்கியவரின் கட்டைவிரலில் மை தடவ ஆள் வந்தால், சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் சரி.

தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டிய தாள் வேறு ஒன்று உண்டு. தேறாத நிலை வந்தால் வெண்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று முன்னதாக எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி விட்டது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும். அவராகக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

7. மருமகளைப் பாருங்கள். புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, புண் கழுவுவது எல்லாம் பெரும்பாலும் ஒரு பெண் தலையில்தான் விழுகிறது. “நீ ரெண்டு மணி நேரம் தூங்குடி, நான் பார்த்துக்கறேன்” என்று அவளை அனுப்பிவையுங்கள். பல வீடுகளில் இதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்யப்போவதில்லை.

8. உயிர் போனதும் உடனே சங்குக்கும் பாடைக்கும் ஆள் விடத் துடிப்பார்கள். மனைவி கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

9. காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை போய்வாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பேரூராட்சியில் பதிந்தார்களா என்று கேளுங்கள், கிராமமென்றால் வி.ஏ.ஓ.விடம் போகச் சொல்லுங்கள். பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். மார்பின் மீதி இருந்தால் எண்ணி எழுதி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை விட்டு வைக்கக் கூடாது.