சமையல் தொழிலுக்கு இலைக் கணக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிராகின்றன. அறுவடைக் காலத்தில் எல்லார் வீட்டு உளுந்தும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருவதால் விலை இறங்கிவிடுகிறது. விளைந்ததில் ஒரு பகுதியையாவது சமைத்த உணவாக விற்றால் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்று விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. தொழில் நல்லதுதான். ஆனால் கணக்கில் ஒரு தவறு நேர்ந்தால், வெள்ளாமையில் வந்த பணத்தையும் அடுப்பு தின்றுவிடும்.

சொந்தச் சரக்கு இனாம் அல்ல

தோட்டத்துக் காய்கறியையும், களத்து உளுந்தையும், வீட்டு ஆட்களின் உழைப்பையும் செலவில் எழுதாமல் விடுவதே அந்தத் தவறு. கைக்காசு கொடுத்து வாங்காததால் அவை செலவாகத் தெரிவதில்லை. சந்தையில் விற்றிருந்தால் என்ன கிடைக்குமோ, அந்த விலையைச் சமையல் கணக்கில் பற்று எழுத வேண்டும்.

100 இலைச் சாப்பாட்டுக்கு ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். வெளியில் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகை, பால் ஆகியவை 6,000 ரூபாய். சொந்த உளுந்து, காய்கறி, தேங்காய், எலுமிச்சை சந்தை விலைப்படி 1,500. எரிவாயு 600. வெளி ஆட்கள் மூவர் கூலி 2,400. வீட்டார் இருவர் கூலி 1,200. வண்டி வாடகை 600. இலை, தண்ணீர், பாத்திர வாடகை 700. ஆக மொத்தம் 13,000 ரூபாய். இலைக்கு 130 ரூபாய் அடக்கம்.

சொந்தச் சரக்கையும் வீட்டார் கூலியையும் விட்டுவிட்டால் செலவு 10,300 ரூபாயாகத் தோன்றும். அதாவது இலைக்கு 103 ரூபாய். '17 ரூபாய் லாபம்' என்று எண்ணி 120 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால், உண்மையில் இலைக்கு 10 ரூபாய் நஷ்டம். பத்து விசேஷம் முடியும்போது 10,000 ரூபாய் போயிருக்கும். விலைகள் நாளுக்கு நாள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. அடக்கம் தெரிந்த பிறகே லாபத்தைச் சேர்த்து விலை சொல்ல வேண்டும்.

தொடங்கும் முறை

எடுத்தவுடன் பெரிய கல்யாணத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என 50 முதல் 100 இலை வரை உள்ள விசேஷங்களில் கை பழகட்டும். அண்டா, உருளி போன்ற பெரிய பாத்திரங்களை முதலில் வாடகைக்கு எடுத்தால் போதும். அனுபவமுள்ள தவசுப்பிள்ளை ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இராது. அந்த மாதங்களிலும் வீட்டுச் செலவு உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆடித்தபசு சமயத்தில் அன்னதானம் செய்வோரையும், விசைத்தறிக் கூடங்களில் மதியச் சாப்பாடு வேண்டுவோரையும் முன்கூட்டியே கண்டு பேசலாம்.

பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்க. உணவு வகைகள், இலை எண்ணிக்கை, கூடுதல் இலைக்கு விலை, மீதிப் பணம் தரும் நாள் ஆகிய நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். மளிகைக்குப் போதுமான முன்பணம் வாங்காமல் அடுப்பு மூட்டக்கூடாது. உறவினர் வீடானாலும் இதே முறைதான்.

சோற்றில் கவனம்

பந்தியில் ஒருவருக்கு வயிற்றுக்கோளாறு வந்தால் தொழில் அன்றோடு நின்றுவிடும். அரிசியில் உள்ள 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெகுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாமல் இருக்கக்கூடும். ஆகவே சோற்றையும் குழம்பையும் 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும். எல்லாச் சோற்றையும் ஒரே தடவையில் வடிக்காமல், பந்திக்குப் பந்தி வடிப்பது உத்தமம். காலையில் மீந்ததை மாலைப் பந்தியில் கலப்பது கூடவே கூடாது.

அனுமதியும் கடனும்

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுத் தொழில் செய்வோர் பதிவோ உரிமமோ பெற வேண்டும். தங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு அறிக. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டரே வாங்க வேண்டும். அதன் விலையையே எரிவாயுக் கணக்கில் எழுதவும்.

2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கிகள் கடன் தருகின்றன. பயிர்க்கடனாக வாங்கிய பணத்தைச் சமையல் தொழிலில் போட வேண்டாம். பந்திப் பணம் வந்துசேரத் தாமதமானால் விதைக்கவும் உரமிடவும் காசு இராது.

நிலத்துக்கு ஒரு நோட்டு, அடுப்புக்கு ஒரு நோட்டு எனத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு விசேஷம் முடிந்த அன்றிரவே வரவு செலவை எழுதிவிட வேண்டும். மூன்று விசேஷங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், உளுந்தை வடையாக விற்பது லாபமா, மூட்டையாகவே விற்பது லாபமா என்பது விளங்கிவிடும். அதைப் பார்த்து மேற்கொண்டு முதல் போடலாம்.