பார்சல் ஏன் உடைகிறது?

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூரில் ஒரு மாணவி தொலைநோக்கி செய்ய விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையம் வழியாக 100 கிராம் எடையுள்ள கண்ணாடி வில்லை ஒன்றை வாங்குகிறாள். பார்சல் வருகிறது, பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, உள்ளே வில்லை இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அவள் சேமித்த பணம் வீணாகிவிட்டதா? இல்லை. என்ன நடந்தது என்பதை விளக்கத் தெரிந்தால் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. அதற்கு நாம் முதலில் இயற்பியலைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

உடைப்பது எது?

விற்பவரின் கிடங்கு, லாரி, விமானம், சென்னையில் சுங்கச் சோதனை, மீண்டும் லாரி, அரியலூர், பிறகு திருமானூர் என்று அந்தப் பார்சல் பல கைகள் மாறி வந்திருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அதைத் தூக்குகிறார்கள், இறக்குகிறார்கள், அதன்மேல் வேறு பெட்டிகளை அடுக்குகிறார்கள். ஆகவே விழுதல், அதிர்தல், நசுங்குதல் ஆகிய மூன்றும் அதற்குப் பகைவர்கள். ஈரம் நான்காவது பகைவன். நனைந்த அட்டைப் பெட்டி வலுவிழந்துவிடும்.

இவற்றுள் விழுதலை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். 80 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். இந்த வேகம் வில்லையை உடைப்பதில்லை. அது எவ்வளவு குறுகிய தூரத்திற்குள் நிறுத்தப்படுகிறது என்பதே உடைக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்பதற்குள் நகர்ந்த தூரத்தால் வகுத்தால், தாக்கும் சராசரி விசை பொருளின் எடையைப் போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்பது கிடைக்கும்.

மெல்லிய அட்டைக்குள் வைத்த வில்லை 2 மி.மீ. தூரத்தில் நின்றுவிட்டால், 800 ÷ 2 = 400 மடங்கு. அதாவது 100 கிராம் வில்லையின்மேல் 40 கிலோ மூட்டையை வைத்ததற்குச் சமம்! சுற்றிலும் மெத்தை போன்ற பொருள் இருந்து, வில்லை 4 செ.மீ. தூரம் அமிழ்ந்து நின்றால், 800 ÷ 40 = 20 மடங்கு. இப்போது சுமை 2 கிலோதான்.

மண்பானைகளை வண்டியில் ஏற்றும்போது வைக்கோல் பரப்புவதன் காரணம் இதுவே. 1871-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றி அனுப்ப நெளிவுக் காகிதத்துக்குக் காப்புரிமை பெற்றார். காற்றுக் குமிழி உறை 1957-இல் தோன்றியது. வைக்கோல், நெளிவு, குமிழி மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: நிற்கும் தூரத்தை நீட்டுவது.

உடைந்து வந்தால் என்ன செய்வது?

நொறுங்கிய பெட்டியும் ஒரு சாட்சிதான். வெளிப்பெட்டி நசுங்கியிருந்தால் வழியில் அடிபட்டிருக்கலாம். வெளிப்பெட்டி நன்றாக இருந்தும் உள்ளே காப்புப் பொருள் இல்லையென்றால், கட்டியவரின் குறையாக இருக்கலாம். எனவே:

1. பெட்டியில் சேதம் தெரிந்தால், கையெழுத்திடுவதற்கு முன்பே கொண்டுவந்தவரிடம் சொல்லி எழுத்தில் பதியச் செய்ய வேண்டும்.
2. பிரிக்கும் முன்னும், பிரிக்கும்போதும், பிரித்த பின்னும் படம் எடுக்க வேண்டும். முகவரிச் சீட்டும் படத்தில் தெரிய வேண்டும்.
3. பெட்டி, காப்புப் பொருள், உடைந்த துண்டுகள் எதையும் எறியக் கூடாது.
4. விற்பவருக்கு அன்றே எழுத வேண்டும்.

காலக்கெடுவும் முக்கியம். விமானச் சரக்காக வந்த பொருளின் சேதத்தைப் பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. அஞ்சல் பார்சலுக்கு இது பொருந்தாது. அதற்கு உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகள் உள்ளன. அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விசாரணை கோரலாம். விற்பவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்கும் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டைகளைத் தனித்தனிப் பாலிதீன் பைகளில் இட்டுக் கட்டுங்கள். ஒரு பெட்டியில் முட்டையை அடியிலேயே வையுங்கள். மற்றதில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வைக்கோல் இருக்கும்படி நடுவில் வையுங்கள். 25 செ.மீ. உயரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 25 செ.மீ. கூட்டிப் போடுங்கள். முட்டைகள் உடைந்த உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க: வைக்கோலை மிக இறுக்கமாகத் திணித்தால் என்ன ஆகும்? மிகத் தளர்வாக விட்டால்? உங்கள் விடையை மீண்டும் ஒரு முட்டையைக் கொண்டு சோதியுங்கள்.